கூடையின் நிறையும் நாட்டின் கணக்கும்

குடிவந்தோரால் ஒரு நாட்டுக்கு விளைவது நன்மையா தீமையா என்ற வினா எழும்போதெல்லாம் ஒரு கணக்குப் புத்தகம் விரிக்கப்படுகின்றது. ஒரு பக்கத்திலே அவர்கள் ஈட்டித் தந்தது எழுதப்படும். மறு பக்கத்திலே அவர்கள் உண்டதும் உடுத்ததும், அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் வைத்தியசாலையும் அமைக்க நேர்ந்த செலவும் எழுதப்படும். மிச்சம் வரவாயின் அவர்கள் வேண்டியவர், செலவாயின் சுமை. இக்கணக்கை அரசாங்க ஆணையாளர்கள் எழுதியுள்ளனர். அரசியல்வாதிகள் எழுதாமலே மேடைகளில் வாசித்துள்ளனர். நம் எழுத்தாளர்களும் தத்தம் வழியிலே இதற்கு விடை கூற முயன்றுள்ளனர். தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிவந்ததைப் பற்றி எழுந்த சில எழுத்துக்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலே கணக்கு எவ்வாறு எழுதப்பட்டது, எதை விட்டு எழுதப்பட்டது என்று ஆராய்வது இன்றும் பயனற்ற வேலையன்று எனக் கருதுகின்றோம்.

1938 ஆம் ஆண்டிலே வெளிவந்த சேர் எட்வேட் ஜாக்சனின் குடிவரவு அறிக்கையை முதலிற் கொள்வோம். அது இலக்கியமன்று என்பது உண்மையே. ஆயினும் தொழிலாளியைப் பார்க்கும் ஒரு பார்வையை அது நிலைநாட்டியது. பின்வந்த பேச்சுக்கள் பல அப்பார்வையின் நிழலிலேயே வளர்ந்தன. உலகப் பொருளாதார மந்தம் 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே இலங்கையையும் உலுக்கியிருந்தது. கொழும்பிலே வேலையற்றோர் பெருகினர். 1920 களிலே துறைமுகத் தொழிலாளரையும் டிராம் தொழிலாளரையும் இன பேதமின்றித் திரட்டிய ஏ. ஈ. குணசிங்க, அடுத்த பத்தாண்டிலே மலையாளத் தொழிலாளரை விரட்டுமாறு குரலெழுப்பும் நிலைக்கு இறங்கியிருந்தார். 1931 இலே சர்வசன வாக்குரிமை வந்தபின், குடிவந்தோரின் தொகை வேலைப் பிரச்சினையாக மட்டுமன்றி வாக்குப் பிரச்சினையாகவும் ஆயிற்று. இச்சூழலிலேதான் ஜாக்சன் விசாரணை நடத்தினார்.

அவர் முடிவு குடிவந்தோருக்குச் சாதகமானது. அவர்கள் உள்ளூர்த் தொழிலாளரை வேலையிலிருந்து அகற்றிவிடவில்லை, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குப் பங்களித்துள்ளனர் என்பதே அதன் சாரம். ஆனால் நடந்தது யாது? மறு ஆண்டே, 1939 இலே, அரசாங்கத் திணைக்களங்களிலே நாட்கூலி பெற்ற இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். நேரு நேரில் வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டு பிறந்தது. இந்திய அரசாங்கமும் இங்கு கூலி வேலைக்கு ஆட்கள் வருவதைத் தடை செய்தது. சாதகமான கணக்கு யாரையும் காப்பாற்றவில்லை. ஏனெனில் அக்கணக்கிலே தொழிலாளி ஒரு தேவையாக மட்டுமே நின்றான். தோட்டத்துக்கு அவன் தேவை, ஆதலால் இருக்கட்டும் என்று கூறுபவர், தேவையில்லாத நாளிலே போகட்டும் என்று கூறும் உரிமையையும் தம்மிடம் வைத்துக்கொள்கின்றார். நன்மை செய்தவர் என்று சான்றிதழ் வழங்கும் நண்பர்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை, சான்றிதழைத்தான் ஐயுறுகின்றோம்.

இனி, அக்கணக்கிலே எழுதப்படாதவற்றைப் பார்ப்போம். முதலாவது, நிலம். 'நாட்டுக்கு' என்ன விளைந்தது என்று கேட்கின்றோமே, எந்த நாட்டுக்கு? கண்டி மலைகளின் அடிவாரத்துக் கிராமவாசிக்கா, மலையுச்சியை விலைக்கு வாங்கியவனுக்கா? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாக அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்து, மாடு மேய்த்து, விறகு வெட்டிய காட்டுக்குக் கிராமவாசி உறுதி எங்கே வைத்திருப்பான்? அவனிடம் பத்திரமில்லை, ஆதலால் காடு அவனதன்று. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையிலே அது விற்கப்பட்டது. வாங்கியோருள் தேசாதிபதியும் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். மேய்ச்சல் நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. அங்கே புகுந்த மாட்டுக்காகக் கிராமவாசி தண்டம் கட்டினான்.

தன்னைச் சூழ்ந்துகொண்ட அந்தத் தோட்டத்திலே, குறைந்த கூலிக்கு, ஆண்டு முழுவதும் ஒருவன் ஆணைக்குக் கட்டுப்பட்டு உழைக்கக் கண்டி விவசாயி மறுத்தான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் வயல் எஞ்சியிருந்தது. இம்மறுப்பையே துரைமார் சோம்பல் என்றனர். கடன்பட்டும் பஞ்சத்துக்கு அஞ்சியும் கடல் தாண்டி வந்தவனுக்கு மறுக்க வழியில்லாமையை அவர்கள் அடக்கம் என்றனர். சோம்பேறிச் சிங்களவன், அடங்கிய தமிழ்க் கூலி என்ற இரு பொம்மைகளும் ஒரே பட்டறையிலே வார்க்கப்பட்டவை. துரைமார் கப்பலேறிப் போய்விட்டனர். பொம்மைகள் இங்கேயே நின்றுவிட்டன. நம் பத்திரிகைக் கட்டுரைகளிலே இன்றும் அவை தலைகாட்டுவது வெட்கத்துக்குரியது.

இரண்டாவது, வந்த செலவு. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிக் கிராமங்களிலே ஒரு பிள்ளையை உழைக்கும் வயதுவரை வளர்த்தெடுத்த செலவு அக்கிராமங்களினது. இலங்கைக்குக் கிடைத்தது வளர்ந்த உடல்கள். பயணச் செலவையாவது தோட்டம் ஏற்றதா? துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்தான். கங்காணி அதைத் தொழிலாளியின் தலையிலே கடனாக எழுதினான். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காடுகளினூடே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்தவன், தான் நடந்துவந்த வழியின் செலவைத் தன் கூலியிலே அடைத்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அவன் கடன் 'துண்டு' என்னும் சீட்டிலே எழுதப்பட்டு அவனோடு சென்றது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து அவனைப் பெற்றது. துண்டு முறை 1921 இலே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதுவரை, குடிவந்தோரைப் பெறுவதற்கு இந்நாடு செலுத்திய விலை என்று கூறப்படுவது பெரும்பாலும் குடிவந்தோர் தாமே செலுத்திய விலையாகும். எந்தக் கணக்கிலே இது எழுதப்பட்டுள்ளது?

அவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்போருக்கு ஒரு சொல். கோப்பிக் காலத்திலே அவர்கள் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருந்தனர். கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869 இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இலே லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, வாரந்தோறும் கொழுந்து விடும். அதற்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். பெண்களின் கைகள் மிகுதியும் வேண்டும். ஆதலால் தோட்டமே குடும்பங்களை வரவழைத்தது, லயங்களிலே குடிவைத்தது, பிள்ளைகளையும் அரைப்பேருக்கு வேலை வாங்கிற்று. அவர்கள் நிலைகொண்டது தேயிலைச் செடியின் இயல்பால். பின்னர் அந்நிலைகொள்ளலையே நிரூபித்துக் காட்டுமாறு சட்டம் கேட்டது.

மூன்றாவது, வருவாய் சென்ற இடம். இங்கு நம் வாசகர்களாகிய ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். இலாபத்தின் பெரும்பகுதி இலண்டனிலே பதிவான கொம்பனிகளுக்குச் சென்றது என்பது நாம் அடிக்கடி கூறும் உண்மை. அடிக்கடி கூறாத உண்மை மற்றொன்றுண்டு. கோப்பியையும் தேயிலையையும் இறக்குவதற்காகப் புகையிரதப் பாதையும் வீதிகளும் கொழும்புத் துறைமுகமும் வளர்ந்தன. சுதந்திரத்தின்பின் ஏற்றுமதி வருவாயின் மிகப் பெரும் பகுதி தேயிலை, றப்பர், தெங்கு என்னும் மூன்றிலிருந்தே வந்தது. அவற்றுள்ளும் தேயிலையே தலையாயது. ஏற்றுமதித் தீர்வை திறைசேரியை நிரப்பியது. 1945 இலே கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும், அரிசி மானியமும் அத்திறைசேரியிலிருந்தே நடந்தன. நாம் கட்டணமின்றிக் கற்றோம். கற்பிக்கும் வேதனமும் பெறுகின்றோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. லயத்தின் ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பல தோட்டங்களின் கல்வியாயிற்று. அரசாங்கம் அப்பாடசாலைகளை முழுமையாகப் பொறுப்பேற்றது 1970 களிலேதான். குடிவந்தோர் நம் சமூகச் சேவைகளுக்குச் சுமையாவர் என்ற வாதம் இந்நாட்டைப் பொறுத்தவரை தலைகீழானது. அச்சேவைகளை அவர்கள் முதுகிலே சுமந்த கூடைதான் தாங்கிற்று. அவர்களுக்குரிய பங்கோ கால் நூற்றாண்டு கடந்தே அவர்களை எட்டத் தொடங்கிற்று.

இலக்கியத்துக்கு வருவோம். குடிபெயர்ந்தோரின் துயரை எழுதிய தமிழ்க் கதைகளுள் முன்வரிசையிலே நிற்பது, புதுமைப்பித்தன் 1935 இலே மணிக்கொடியில் எழுதிய 'துன்பக்கேணி'. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிவதை அது கூறுகின்றது. ஊரை விட்டு விரட்டியது யாது என்ற வினாவுக்கு அக்கதை தயக்கமின்றி விடை தருகின்றது: ஊரின் நிலவுடைமையும் சாதியும். அவ்வளவிலே அது பெரும் படைப்பு. ஆயினும் கடல் தாண்டியபின் கதையின் கண் மங்குகின்றது. இலங்கை ஒரு பாழ்ங்கிணறு, அங்கே நோயும் காமமும் கொடுமையும் உண்டு, உழைப்பு இல்லை. மருதி துன்புறுகின்றாள், ஆனால் உற்பத்தி செய்யவில்லை. அவள் கொய்த கொழுந்து எங்கே போயிற்று, எவர் அதிலே வாழ்ந்தார் என்ற வினா கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றது. பரிதாபத்துக்குரியவளாக அவளை நாம் நன்கு அறிகின்றோம். நாட்டை ஆக்கியவளாக அறியவில்லை. வந்தவரை இரக்கத்துக்குரியவர் என்று மட்டும் காட்டும் இலக்கியம், அவரைச் சுமை என்று காட்டும் அரசியலுக்குத் தக்க மறுமொழியாகாது.

மலைநாட்டு மண்ணிலிருந்தே எழுந்த எழுத்து இக்குறையை நிரப்பியது. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரங்களாலும் பாட்டுக்களாலும் தொழிலாளரிடம் சென்றனர். 1940 இலே மீனாட்சி அம்மை வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' அவற்றுள் ஒன்று. அவர்களுக்குப் பின் வந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தூரின் அடியிலே பெயரின்றிப் புதையுண்டவர்களே மலைநாட்டை ஆக்கியோர் என்று பாடினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தி அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அவரது 'வீடற்றவன்' நாவலிலே தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி தோட்டத்திலிருந்து துரத்தப்படுகின்றான். லயம் துரையினது, வேலை போயின் வீடும் போம். குடிவந்தவனின் நிலை யாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. எனினும் வேலுப்பிள்ளையிடமும் நமக்கு ஒரு வேறுபாடுண்டு. உழைத்தோம், மாண்டோம், ஆதலால் உரிமையுடையோம் என்பது அவர் வாதத்தின் அடிநாதம். ஜாக்சனின் கணக்கிலும் இது எத்தனையோ மடங்கு நேர்மையானது. ஆயினும் இதுவும் ஒரு கணக்கே. உழைக்க இயலாத கிழவிக்கும், பிள்ளைக் காம்பராவிலே தூளியில் கிடக்கும் குழந்தைக்கும் இவ்வாதம் என்ன கூறும்?

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொள்கை எதையும் உரக்கக் கூறுவதில்லை. ஆதலாற் போலும் மிக ஆழமாகச் செல்கின்றது. ஒரு பெண் மற்றவரினும் மிகுதியாகக் கொழுந்து கொய்கின்றாள். அவள் உழைப்பு ஐயுறப்படுகின்றது. தன் கூடையின் நிறை தன் உழைப்பின் நிறையே என்று அவள் நிலைநாட்ட வேண்டியிருக்கின்றது. தராசு அவள் கையிலில்லை. ஏட்டிலே எழுதும் பேனாவும் அவள் கையிலில்லை. கதையில் வருவன சில இறாத்தல் கொழுந்தும் ஒரு பெண்ணின் மானமுந்தான். ஆயினும் அதை வாசிக்கும்போது 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நம் நினைவுக்கு வராமற் போகா.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேலுப்பிள்ளையே தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. இதன் விடையாகவே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று வேண்டும். தொடர்ச்சியாக வதிந்தமைக்குச் சான்று வேண்டும். துரையின் கந்தோரிலே பேர்ப்பதிவேட்டைத் தவிர வேறெதிலும் பெயரில்லாத மக்களிடம் இது கேட்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; பெருந்தொகையானோர் தள்ளப்பட்டனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரசின் ஏழு ஆசனங்களும் இல்லாமற் போயின.

1840 ஐயும் 1949 ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதிலே கண்டி விவசாயியிடம் காட்டுக்கு உறுதி கேட்டார்கள். பின்னதிலே அக்காட்டை அழித்துத் தேயிலை நட்டவனின் பேரனிடம் பிறப்புக்கு உறுதி கேட்டார்கள். இருவரிடமும் இல்லாதது ஒன்றே: கடதாசி. இருவரும் இழந்ததும் ஒரே வகையால். ஆனால் 1946 இலே கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்திலே, உருளவள்ளி என நம்மவர் வழங்கும் அவ்விடத்திலே, நிலமற்ற கிராமத்தவருக்குக் காணி வழங்குவதற்கென்று தொழிலாளரை வெளியேற்ற முனைந்தபோது, இருவரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இழந்தவனுக்கு ஈடு செய்ய, எடுத்தவனிடமிருந்து எடுக்கவில்லை. இன்னோர் இழந்தவனிடமிருந்து எடுக்கப் பார்த்தார்கள். குடிவரவின் சமூக விளைவு என்று ஏடுகளிலே எழுதப்படும் பகைமையின் வேர் இதுவாகும்.

இடதுசாரி இயக்கத்தைப் பற்றியும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1940 சனவரியிலே முல்லோயாவிலே கோவிந்தன் சுடப்பட்டபோது அத்தொழிலாளர்க்குத் துணைநின்றவர்கள் சமசமாஜிகள். 1948 இலே பாராளுமன்றத்திலே பிரசாவுரிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்தவர்களும் இடதுசாரிகளே. ஆனால் 1964 ஒக்டோபர் 30 இலே சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது, அவ்வரசாங்கத்திலே லங்கா சமசமாஜக் கட்சி அமர்ந்திருந்தது. 975,000 மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு என்று பிரித்தார்கள். அம்மிகுதியும் 1974 இலே சரிபாதியாக வெட்டப்பட்டது. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. தமிழ்த் தலைமையின் கணக்கும் தூயதன்று: ஜி. ஜி. பொன்னம்பலம் முதற் சட்டத்தை எதிர்த்து, மந்திரியானபின் அடுத்ததை ஆதரித்தார். கட்சி பிளந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் மேடையிலே தமிழினம் என்றோர், யாழ்ப்பாணத்து வீடுகளிலே தோட்டத்துச் சிறுவரை வேலைக்கு வைத்துக்கொண்டு அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்ததை எந்தக் கட்சியும் தீர்மானம் இயற்றிக் கண்டித்ததாகத் தெரியவில்லை.

பின்னர் நடந்தவை விரித்துரைக்க வேண்டாதவை. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின, தொழிலாளி உடைமையாளனாகவில்லை. அதே ஆண்டுகளிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1971 ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பிலே 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இலே 818,656 ஆயிற்று. கப்பலேற்றப்பட்டமை இதற்குத் தலையாய காரணம், இலங்கைத் தமிழரென்று பதிந்துகொண்டமை மற்றொன்று. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவிலே பெரும்பாலும் நீங்கியது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். 2021 இலே நாட்கூலியை ஆயிரம் ரூபாவாக்குவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை நம் மாணவர் அறிவர்.

நம் எழுத்தாளரிடம் ஒன்று கேட்கின்றோம். லயத்தின் கதைகள் நம்மிடம் பல உள. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தின் கதைகளும் சிங்களத்திலே உள. இரண்டையும் ஒரே நாவலிலே, ஒரே மலையின் இரு பக்கங்களாகக் காட்டும் படைப்பு அரிதாயிருக்கின்றது. அந்நாவலை எழுதுபவர் இரு மொழியும் அறிந்தவராதல் வேண்டும். 1840 இன் உறுதியையும் 1949 இன் விண்ணப்பத்தையும் ஒரே பெட்டியில் வைத்துப் பார்ப்பவராதல் வேண்டும்.

அவருக்கு வேறொரு களமும் காத்திருக்கின்றது. ஆட்களைப் பெற்ற நாடாயிருந்த இலங்கை இன்று ஆட்களை அனுப்பும் நாடாயிற்று. மேற்காசியாவிலும் பிறவிடங்களிலும் உழைப்போர் அனுப்பும் பணம் தேயிலை வருவாயிலும் பன்மடங்காகிவிட்டது. அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் பெண்கள் குவைத்துக்கும் றியாத்துக்கும் வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அந்நாடுகளுக்கு நன்மையா சுமையா என்ற கணக்கை அங்குள்ளோர் எழுதிக்கொண்டிருக்கின்றனர். முகவருக்குக் கொடுத்த பணம் கடனாக ஊரிலே நிற்கின்றது. கடவுச்சீட்டை எசமானி வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் பல. துண்டு என்னும் சொல்லை அப்பெண் கேட்டிருக்கமாட்டாள்; அவளுடைய பாட்டியின் தாய்க்கு அது நன்கு தெரிந்திருந்தது.